மலைக்குப் போன கடிகாரம்

ஜாலான் புசார், சிங்கப்பூர்
9 செப்டம்பர் 1985

தாசனுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. மெட்ராஸிலிருந்து திரும்பிய ஜவுளிக்கடை முகைதீன், சேலைக் கட்டுகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஒரு கீறல் இல்லை. ஆனால் ஓடவில்லை.

நான் உன்னிடம் கொடுத்தபோது ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாய். மெட்ராஸ் சுங்கத்தில் அதைத் திறக்கச் சொன்னபோது, பேட்டரிக் கம்பியைத் தொடவிடாமல் ஒரு மணி நேரம் மன்றாடியதாக நீயே பெருமையாக எழுதினாய். எட்டு மாதம் நிற்காமல் எண்ணிய ஒன்றை, திருப்பி அனுப்பும்போது நிறுத்திவிட்டாய். ஓடிக்கொண்டே வந்திருந்தால், இங்கே வானொலியின் நேரத் துடிப்போடு ஒப்பிட்டு, எட்டு மாதத்தில் எவ்வளவு பிசகியது என்று ஒரே காலையில் சொல்லியிருப்பேன். இப்போது அதற்கு வழியில்லை. குற்றம் சாட்டிவிட்டு, சாட்சியின் வாயையும் அடைத்துவிட்டாய்.

உன் கடிதம் மொத்தம் நாலு வரி. கடிகாரம் தாவுகிறது. உங்கள் குழுத்தலைவர் பரமசிவம் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். ஆண்டறிக்கையில், 'பயன்படுத்திய கடிகாரம் நம்பத்தக்கதல்ல; இந்தப் பருவத்தின் பதிவுகள் கைவிடப்பட்டன' என்று ஒரு வரி வரும். வருத்தம். அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரத்துக்கு முள் கிடையாது, முகம் கிடையாது. தொடங்கிய கணத்திலிருந்து எத்தனை மில்லி விநாடி போயிற்று என்ற எண் மட்டும்தான். அதன் உள்ளே சீராக அதிர்ந்து எண்ணவைக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல், வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் நாற்பது கிரிஸ்டல்களைத் தடவிப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு மாதம் ஓடவிட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தேன். சூடு மாறக்கூடாது என்று அதைப் பிளாஸ்கின் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தேன். நகரத்து மின்சார இரைச்சல் எட்டாத பொங்கோல் கடற்கரைக்கு அதிகாலையில் எடுத்துப்போய், வானொலித் துடிப்பைப் பிடித்துத் தொடங்கிவைத்தேன். தொடங்கிய நேரத்தைச் சீட்டில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன்.

நேவல் பேஸ் கருவிக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். எவனும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. அட்டை கிழிந்த புத்தகங்களைப் படித்தேன். நீ காலேஜில் படித்தாய், இன்ஜினியர் ஆனாய். அதனால் நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உன் அக்கா ரோசம்மா நினைக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை.

தாவுகிறது என்றால் எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம்? எழுது. அதுவரை அந்த வரி அச்சுக்குப் போகக்கூடாது.

சூசைநாதன்


நீலகிரி
1 அக்டோபர் 1985

அன்புள்ள அத்தான்,

கடிகாரத்தை நிறுத்தியது என் தவறு. விமானத்தில் பேட்டரியோடு அனுப்பக்கூடாது என்று யாரோ சொன்னார்கள், யோசிக்காமல் கழற்றிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

நாலு வரிக்கு மேல் எழுதத் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை. இப்போது முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் பார்ப்பது ஒரு செத்த நட்சத்திரம். ஒரு நகரம் அளவுக்குச் சுருங்கிப்போனது. ஆறு மில்லி விநாடிக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் நூற்று அறுபது சுற்று. இவ்வளவு வேகமாகச் சுற்றுபவை இருப்பதே மூன்று வருஷமாகத்தான் தெரியும். இளம் நட்சத்திரமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இது கிழம். எப்போதோ ஓய்ந்து நின்றிருக்க வேண்டியது. பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. அதன் வாயு இதன் மேல் வந்து விழுந்து விழுந்து, கிழவனை மறுபடியும் சுழலவிட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டும் நூற்றுப் பதினேழு நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

இது வானொலி அலையில் துடிப்பது எல்லோருக்கும் தெரியும். காமாக் கதிரிலும் துடிக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. காமாக் கதிர் தரைக்கு வந்து சேராது. மேலே காற்றில் மோதி ஒரு நீல மினுக்கலை உண்டாக்கிவிட்டு அழிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். ஒரு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம். பழைய சர்ச்லைட் கண்ணாடிகள் பத்தை வானத்தைப் பார்த்து வைத்து அந்த மினுக்கலைப் பிடிக்கிறோம். ஒவ்வொரு மினுக்கலுக்கும் உங்கள் கடிகாரத்தின் எண்ணைக் காந்த நாடாவில் பதிகிறோம்.

தொல்லை என்னவென்றால், நூறு மினுக்கல் வந்தால் தொண்ணூற்றொன்பது வேறு எங்கிருந்தோ வந்தவை. எது எங்களுடையது என்று தனியாகப் பிரிக்க முடியாது. அதனால் ஆறு மில்லி விநாடியை இருபது பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மினுக்கலையும் அதன் நேரப்படி ஒரு பெட்டியில் போடுகிறோம். அந்த நட்சத்திரம் உண்மையிலேயே துடித்தால், மாதக்கணக்கில் போட்ட பிறகு ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். நாங்கள் அதை மேடு என்போம்.

மார்ச் மாதம் ஒவ்வோர் இரவிலும் சின்ன மேடு தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் தெரிந்தது. நாங்கள் எவ்வளவு துள்ளினோம் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. பிறகு எல்லா இரவுகளையும் ஒன்றாகக் கூட்டினோம். ஒன்றுமே இல்லை, வெறும் தட்டை. இன்று மூன்றாம் பெட்டியில் இருந்த மேடு நாளை எட்டாம் பெட்டியில் இருக்கிறது, மறுநாள் பதின்மூன்றில். இரவுக்குக் கால் சுற்று நகர்கிறது. ஏப்ரல் வந்ததும் நகர்வு குறைந்தது.

பரமசிவம் ஸார் சொல்வது இதுதான்: மார்ச்சில் மலையில் குளிர், ஏப்ரலில் இல்லை, கிரிஸ்டல் குளிரில் பிசகியிருக்கிறது. வானொலி நிலையத்தின் நேரத் துடிப்போடு தினமும் ஒப்பிட்டோமே என்றேன். காதால் கேட்டுப் பொத்தானை அழுத்தி ஒப்பிட்டதில் ஐம்பது அறுபது மில்லி விநாடி முன்பின் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அறிக்கையை டிசம்பர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அந்த வரி போனால் அடுத்த பருவத்தில் இந்த நட்சத்திரத்துக்குக் கண்ணாடிகளைத் தரமாட்டார்கள்.

அக்காவிடம் நான் நலம் என்று சொல்லுங்கள்.

இயேசுதாசன்


ஜாலான் புசார்
14 அக்டோபர் 1985

தாசனுக்கு,

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம்.

உன் கடிதத்தை ரோசம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கிழவனைச் சுத்த வைக்கிறதுக்குள்ள அவ தேய்ஞ்சே போயிருப்பா" என்றாள். துணை நட்சத்திரத்தைச் சொல்கிறாளாம். அது இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். நீ எழுதவில்லை.

இனி கடிகாரம். கெட்ட கடிகாரங்களை நான் உன்னைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கும் கடிகாரங்களைச் சோதித்துக் கணக்கு எழுதுவதுதான் கிடங்கில் என் வேலை. கெட்ட கடிகாரம் குடிகாரனைப் போல. ஒரு நாள் வலது பக்கம் போகும், மறுநாள் இடது பக்கம், மூன்றாம் நாள் சமர்த்தாக வீட்டுக்கு வந்து சேரும். இரவுக்குக் கால் சுற்று, இரவுக்குக் கால் சுற்று என்று அளந்து அடி வைக்காது. இவ்வளவு ஒழுங்காக எந்தக் கடிகாரமும் கெடாது. குளிரால் என்கிறார் உங்கள் பரமசிவம். மலையில் தினமும் ஒரே அளவு குளிரா? மழை பெய்த இரவில் ஒரு குளிர், பெய்யாத இரவில் ஒரு குளிர் இருந்திருக்காதா? அவரிடம் கேள்.

உன் நகர்வு கடிகாரத்திலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்தோ வருகிறது. நீங்கள் அதைத் தேடவில்லை. கையருகே ஒரு நேவல் பேஸ்காரனின் பெட்டி இருந்தது. அதன் மேல் போட்டுவிட்டீர்கள்.

ஜனவரியில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தபோது ஜூரோங்கில் கல்யாண வீட்டிலேயே தங்கிவிட்டாய். இந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டாய். ஒரு வாரம் இங்கே தங்கியிருந்தால், நான் நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று கண்ணால் பார்த்திருப்பாய். எண்பத்திரண்டாம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஊர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தபோது இந்த வீட்டுக் கடிகாரத்தை நான் தொடவிடவில்லை. சூரியன் அன்றைக்கு அரை மணி முந்தி உதிக்கவில்லை. உன் அக்கா தன் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறாள், நான் ஆறே காலுக்கு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் படி இறங்குகிறோம். லூர்து மாதா கோவில் வாசல் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வருவாள். "கவர்மெண்டே மாத்திடுச்சு. நீங்க மட்டும் தனியா ஒரு நாடா?" என்பாள். கீழே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரவூப் என் வயதுக்காரர், அவரும் விடுவதில்லை. "அண்ணே, சூரியனுக்குத் தெரியாது லா, பஸ்காரனுக்குத் தெரியும்" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொல்கிறார். பேசட்டும். ஒரு முறை சரியாக வைத்ததை நான் பிறகு தொடுவதில்லை என்பதற்காக இதை எழுதினேன்.

ஒவ்வோர் இரவும் நீங்கள் வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாவற்றையும் அனுப்பு. அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது, துணையைச் சுற்றும் பாதை எவ்வளவு அகலம் என்ற எண்களையும் அனுப்பு. நானும் பார்க்கிறேன்.

சூசைநாதன்


நீலகிரி
4 நவம்பர் 1985

அன்புள்ள அத்தான்,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்களும் அக்காவும் பூசைக்குப் படி இறங்கும் கதையைப் படித்துச் சிரித்தேன். முகாமில் எல்லோருக்கும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நேராகப் போய்க் கண்காணிப்பு நோட்டை எடுத்தேன்.

உங்கள் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கும். 'தொடக்கம்: 9 ஜனவரி 1985, காலை 6.00, சிங்கப்பூர் நேரம்.' அது எந்த ஆறு மணி, அத்தான்?

சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் என்று எடுத்துக்கொண்டுதான் நான் கணக்குப்போடுபவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது ஊர் முழுக்க அதுதானே. பழைய நேரம் என்றால் ஏழரை. நோட்டில் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரங்களை, உங்கள் எண்ணிலிருந்து கணக்கிட்ட நேரங்களோடு ஒப்பிட்டேன். நோட்டில் 3.40 என்றால் கணக்கில் 3.10. நோட்டில் 4.05 என்றால் கணக்கில் 3.35. எல்லா இரவிலும் சரியாக அரை மணி. நோட்டு மலையில் இருக்கிறது, கணக்கு பம்பாயில் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஒருவரில் நானும் சேர்த்தி.

பரமசிவம் ஸாரிடம் பொதுவாகத்தான் கேட்டேன், சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தொடக்க நேரத்தில் அரை மணி பிசகினால் என்ன ஆகும் என்றேன். ஒன்றும் ஆகாது என்றார். எல்லா மினுக்கலும் ஒரே அரை மணி தள்ளிப்போகும். மேடு வேறு பெட்டிக்குப் போகுமே தவிர இரவுக்கு இரவு நகராது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆகவே நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அந்த அரை மணியால் யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. இதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அறிக்கையின் வரியைக் கொஞ்சம் மென்மையாக்கப் பார்க்கிறேன். 'நம்பத்தக்கதல்ல' என்பதற்குப் பதில் 'மலைக் குளிருக்கு ஏற்றதல்ல' என்று போட்டால் போதுமா?

கேட்ட எண்கள் எல்லாம் தனித்தாளில் இருக்கின்றன. துணை நட்சத்திரம் சிறுத்து, வெளுத்து, சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு எடைகூட இருக்காது என்கிறார்கள். அக்கா சொன்னது சரிதான்.

இயேசுதாசன்


ஜாலான் புசார்
24 நவம்பர் 1985

தாசனுக்கு,

சிங்கப்பூர் நேரம் என்று நான் எழுதியது சிங்கப்பூர் நேரம்தான். பழைய நேரம். ஜப்பான்காரன் வந்தபோது தோக்கியோ நேரம் வைக்கச் சொன்னான். எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. பரணுக்குள் ஒரு கடிகாரத்தை நம் நேரத்திலேயே ஓடவிட்டேன். அவன் போனான், நேரம் திரும்பி வந்தது. மறுபடியும் வரும் என்றுதான் எண்பத்திரண்டிலும் காத்திருந்தேன்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று முறை படித்தேன். பரமசிவம் சொல்வது சரியென்றால் நான் செய்தது பிழையே இல்லை, கடிகாரம்தான் கெட்டது. அவர் சொல்வது தவறென்றால் கடிகாரம் நல்லது, கெடுத்தவன் நான். கணக்குப் போட உட்கார்ந்தபோது இந்த இரண்டில் எது வர வேண்டும் என்று நினைத்தேன் என்பதை உனக்கு எழுதப்போவதில்லை.

பரமசிவம் சொல்வது தவறு.

பூமி நிற்கும் இடமாக இருந்தால் அவர் சொல்வது சரி. பூமி ஓடுகிறது. விநாடிக்கு முப்பது கிலோமீட்டர். அதனால்தான் மினுக்கல் வந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த நேரத்தில் பூமி தன் பாதையில் எங்கே இருந்தது என்று பார்த்துத் திருத்துகிறீர்கள். நேரத்தில் அரை மணி தவறினால், பூமியை ஐம்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க நூற்றெண்பது மில்லி விநாடி.

அந்த நூற்றெண்பது தினமும் மாறாமல் இருந்தால் கெடுதலில்லை. ஆனால் பூமி நேர்கோட்டில் ஓடவில்லை. வட்டத்தில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி திரும்புகிறது. நூற்றெண்பது நீளமுள்ள கோலை ஒரு டிகிரி திருப்பிப் பார். முனை மூன்று நகரும். மூன்று மில்லி விநாடி. உன் நட்சத்திரம் பூமியின் பாதைக்கு நேராக இல்லை, மேலே சாய்ந்து இருக்கிறது. மார்ச் மாதத்தில் அதன் திசைக்கு எவ்வளவு தங்கும் என்று பார்த்தால் பாதி. ஒன்றரை. ஆறில் ஒன்றரை என்ன? கால் சுற்று.

நூலகத்தில் போய் எடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதைப் போட்டேன். பென்சிலால்தான், அழித்துவிட்டேன்.

பிறகு அந்த நட்சத்திரம் தன் துணையைச் சுற்றும் ஓட்டத்தைச் சேர்த்தேன். அங்கும் அதே அரை மணிப் பிழை. நட்சத்திரம் இருக்கும் இடத்துக்கு அரை மணி முன்னால் அது இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அதுவும் சில வாரம் கூட்டுகிறது, சில வாரம் குறைக்கிறது. இதைப் போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ரோசம்மா சாப்பாட்டைத் தன் நேரத்துக்கு வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

இரண்டும் சேர்ந்து என்ன வருகிறது என்று தனித்தாளில் இரவு இரவாக எழுதியிருக்கிறேன். மார்ச்சில் இரவுக்குக் கால் சுற்று முன்னால். ஏப்ரலில் குறைந்துகொண்டே வரும். ஏப்ரல் கடைசி வாரத்தில் மேடு அசையாமல் நிற்கும். மே மாதம் பின்னால் போகும்.

மே மாதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அங்கே மேடு பின்னால் போயிருந்தால் கடிகாரம் சரி. குளிர் குறைந்தால் கிரிஸ்டல் நேராகலாம், அதற்காகப் பின்னால் நடக்காது. முன்னால் போயிருந்தாலோ, அப்படியே நின்றிருந்தாலோ, என் கணக்கு தவறு. உங்கள் இஷ்டப்படி அச்சடித்துக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுது. என்மேல் இரக்கப்பட்டு எதுவும் எழுதாதே.

சூசைநாதன்


நீலகிரி
12 டிசம்பர் 1985

அன்புள்ள அத்தான்,

மே மாதம் பின்னால்தான் போனது.

உங்களுக்கு நான் அதை எழுதாததற்குக் காரணம், எங்களுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மார்ச், ஏப்ரலுக்குக் குளிரைக் காரணம் சொல்லியாகிவிட்டது. மே மாதத்துக்கு யாரிடமும் காரணம் இல்லை. அதனால் அந்தத் தாள்களைத் தனியாகக் கட்டி வைத்திருந்தோம்.

உங்கள் தாளைப் பரமசிவம் ஸார் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு உள்பட. அவர் உங்கள் பட்டியலையும் மே மாதக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரலால் வரிவரியாக இறங்கினார். நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்றோம். பதினோராம் வரியில் நிறுத்தி, "இதைப் போட்டவர் எங்க வேலை பாக்கறார்?" என்று கேட்டார். ரிட்டயர் ஆகிவிட்டார் என்றேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாதுன்னு உங்கிட்ட சொன்னேன் இல்ல? நான் யோசிக்காம சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பம்பாயில் அரை மணியைச் சேர்த்து மறுபடியும் கணக்குப் போட்டார்கள். நேற்று முடிவு வந்தது. எல்லா இரவின் மேடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஏறக்குறைய என்றுதான் சொல்வேன். அவ்வளவு உயரமில்லை. ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஆயிரத்தில் ஒரு தடவை தற்செயலாக இப்படி ஒரு மேடு வரலாம் என்கிறார்கள். எனவே காமாக் கதிரில் துடிக்கிறது என்று எழுதமாட்டோம். துடிக்கவில்லை என்றும் எழுத முடியாது. மார்ச்சில் மறுபடியும் பார்க்கக் கண்ணாடிகள் கிடைத்துவிட்டன. துடிக்கிறதா இல்லையா என்று எனக்கு இப்போது தூக்கம் வரவில்லை, அத்தான். கடிகாரம் திரும்பவும் வேண்டும். கேட்க எனக்கு வாயில்லை; பரமசிவம் ஸார் கேட்கச் சொன்னார்.

அறிக்கையின் வரியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி: 'நேரக் குறிப்பில் ஏற்பட்டிருந்த ஒரு சிறு குழப்பம் பின்னர் சரிசெய்யப்பட்டது.' கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உங்களைப் பற்றியும் இல்லை. இது உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று நம்புகிறேன். அச்சுக்கு ஜனவரி பத்தாம் தேதிதான் போகிறது.

இயேசுதாசன்


ஜாலான் புசார்
27 டிசம்பர் 1985

தாசனுக்கு,

திருப்தியாக இல்லை.

குழப்பம் தானாக ஏற்படாது. யாரோ ஏற்படுத்த வேண்டும். கடிகாரத்தைப் பழித்து எழுதியபோது வரி தெளிவாக இருந்தது. மனிதன் செய்தது என்று தெரிந்ததும் வரி மங்கிப்போய்விட்டது. இப்படி எழுதினால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? கடிகாரத்தில்தான் ஏதோ கோளாறு, நாகரிகமாக மறைக்கிறார்கள் என்று நினைப்பான்.

உனக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. பொங்கோலில் அன்றைக்கு ஏரியலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ரவூப். நான் டார்ச் வெளிச்சத்தில் சீட்டை எழுதுவதை எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஆறுன்னு போடுறீங்க. இப்ப ஆறரை லா. எந்த நேரம்னு பக்கத்துல எழுதிடுங்க, அந்த ஊர்க்காரன் என்ன கண்டான்" என்றார். ஏரியலை ஆட்டாமல் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஒட்டினேன். அவர் சொன்னது புரியாமல் இல்லை. எழுதினால், இரண்டு நேரம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதற்காக எழுதவில்லை. ஒரு வார்த்தை. அதை எழுதாததால் உங்கள் ஆறு பேரின் மூன்று மாதம் குப்பைக்குப் போக இருந்தது.

உன்னைக் குற்றம் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். கடிகாரத்தை நிறுத்தியதற்காக நான் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன். அது நீ செய்த தவறுதான். மற்றவற்றை வாங்கிக்கொள்கிறேன்.

இதை ரோசம்மாவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "அவன் கேட்டானா, நீங்களா சொன்னீங்களா?" என்றாள். நானாகத்தான் என்றேன். மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

கடிகாரம் வரும். முகைதீன் பிப்ரவரியில் மெட்ராஸ் போகிறார். உன் பரமசிவம் கேட்டதற்காக அல்ல. எனக்கும் மார்ச் வரை பொறுக்கவில்லை. அந்தக் கிழம் துடிக்கிறதா என்று தெரியாமல் நான் சாகத் தயாராயில்லை. மே மாதத்தில் மேடு எங்கே நிற்கிறது என்று இந்த முறை மறைக்காமல் எழுது.

அறிக்கையில் வர வேண்டிய வரி கீழே இருக்கிறது. நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள். ஒரு சொல்லையும் மென்மையாக்காதே. மென்மையாக்கினால் கடிகாரம் வராது.

'கடிகாரத்தில் பிழை இல்லை. அதைச் செய்தவர், தொடக்க நேரத்தைப் பழைய சிங்கப்பூர் நேரத்தில் குறித்தார்; பழைய நேரம் என்று எழுதும்படி அங்கேயே ஒருவர் சொல்லியும் எழுதவில்லை. அரை மணிப் பிழை அவருடையது.'

அவர் என்று விட்டுவிடாதே, பெயரைப் போடு. நேவல் பேஸில் இருபத்தாறு வருஷமும் சம்பளத் தாளில் என்னைச் 'சூசே' என்றே எழுதிவந்தார்கள். என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. முழுதாகப் போடச் சொல்.

அந்தோணி சூசைநாதன்